வரப்பில் நிற்காத மரபணு

1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளம் ஆய்வு மாணவர், காசநோய்க் கிருமியை அடக்கும் பொருள் ஒன்றை மண்வாழ் பாக்டீரியாவிடமிருந்து பிரித்தெடுத்தார். ஸ்ட்ரெப்டோமைசின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதைச் சுரந்த பாக்டீரியா இரண்டு இடங்களில் அவருக்குக் கிடைத்தது. ஒன்று, எரு நிறைய இட்ட வயல் மண். மற்றொன்று, ஒரு கோழியின் தொண்டை. காசநோய் வந்தால் சாவுதான் என்றிருந்த காலத்தில், உயிர் மீட்ட முதல் மருந்து அது. ஷாட்ஸின் ஆசிரியர் செல்மன் வாக்ஸ்மனுக்கு 1952-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மண்ணிலிருந்து வந்த அந்த மருந்து, சில பத்தாண்டுகளில் மண்ணுக்கே திரும்பிப் போனது. நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் தென்பட்டால், ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த பொடியைக் காப்பர் ஆக்சிகுளோரைடோடு சேர்த்துத் தெளிக்கலாம் என்று நம் வேளாண் பரிந்துரைகளே சொல்லிவந்தன. விவசாயி உரக்கடையில் கேட்டு வாங்கினார், தெளித்தார். அதில் கெடுதல் இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. பயிர்களுக்கு இந்த இரண்டு மருந்துகளையும் பயன்படுத்துவதைப் படிப்படியாக நிறுத்துவதற்கான வரைவு ஆணையை 2021 டிசம்பரில்தான் ஒன்றிய அரசு வெளியிட்டது.

தெளித்த மருந்து இலையோடு நின்றுவிடாது. சொட்டி மண்ணில் இறங்கும், மழையில் வாய்க்காலுக்குப் போகும். அங்கே வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் அதை எப்படி எதிர்கொள்கின்றன என்று தெரிந்தால்தான், இதில் யாருக்கு என்ன பொறுப்பு என்று நியாயமாகப் பேச முடியும்.

ஒரு கிராம் மண்ணில் நூறு கோடி பாக்டீரியாக்கள்கூட இருக்கலாம். அவற்றின் பிழைப்பு எளிதானது அல்ல. ஈரம் வற்றும், உப்பு ஏறும், உணவு தீரும், பக்கத்திலிருக்கும் பூஞ்சை நஞ்சு சுரக்கும். விலகி ஓட முடியாத இந்த உயிர்கள் தங்கள் மரபணுக்களைக் கொண்டே சமாளிக்கின்றன. முதல் வழி, ஏற்கெனவே இருக்கும் மரபணுக்களில் தேவையானதை முடுக்கிவிடுவது. பேசில்லஸ் இனத்து பாக்டீரியா பட்டினி வந்தால் தடித்த உறைக்குள் வித்தாகச் சுருங்கி, நல்ல காலம் வரும்வரை ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இரண்டாவது வழி பிறழ்வு. டிஎன்ஏ உடையும் அளவுக்கு நெருக்கடி முற்றினால், பல பாக்டீரியாக்களில் எஸ்ஓஎஸ் என்று அறிவியலாளர்கள் அழைக்கும் அவசர ஏற்பாடு விழித்துக்கொள்கிறது. உடைந்ததைச் செப்பனிடும் அவசரத்தில் பிழைகள் மலிகின்றன. பெரும்பாலான பிழைகளால் பயனில்லை. எப்போதாவது ஒன்று உயிர் காக்கும். அந்த ஒன்றைப் பெற்ற பாக்டீரியா பெருகும், மற்றவை மடியும்.

மூன்றாவது வழிதான் நம் கவலைக்கு உரியது. பக்கத்து ஊரில் நன்றாக விளைந்த நெல்லில் ஒரு மரக்கால் கைமாற்றாக வாங்கி விதைப்பதைப் போல, பாக்டீரியாக்கள் ஆயத்தமான மரபணுக்களை அடுத்ததிடமிருந்து வாங்கிக்கொள்கின்றன. தாய்க்கும் சேய்க்கும் நடுவில் மட்டும் நடக்கும் கொடுக்கல் வாங்கல் அல்ல இது. ஓர் இனம் இன்னோர் இனத்துக்குக் கொடுக்கும். செத்த பாக்டீரியா சிதறவிட்ட டிஎன்ஏவை உயிரோடு இருப்பது உறிஞ்சிக்கொள்ளும். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸும் மரபணுவைச் சுமந்து செல்லும். இவற்றில் முக்கியமானது பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையம். இரண்டு பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொள்ளும்போது அதன் நகல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடும்.

இதில் பயமுறுத்தும் பக்கம் மட்டும் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில், தீவனப் பயறு வகை ஒன்றை அதற்குரிய வேர்முடிச்சு பாக்டீரியாவின் ஒரே ஒரு வகையை ஊட்டி விதைத்தார்கள். அந்தப் பயிரில் முடிச்சு போடக்கூடிய பாக்டீரியா அந்த மண்ணில் அதுவரை இருந்ததில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து வேர்களைத் தோண்டிப் பார்த்தபோது, முடிச்சுகளில் பல வகை பாக்டீரியாக்கள் குடியிருந்தன. உள்ளூர் பாக்டீரியாக்கள், வந்தேறியிடமிருந்து ஐந்து லட்சம் எழுத்து நீளமுள்ள மரபணுத் தொகுதியை முழுசாக வாங்கிக்கொண்டு, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஊட்டும் வேலையைக் கற்றுவிட்டிருந்தன. ஜான் சல்லிவனும் கிளைவ் ரான்சனும் 1990-களில் வெளியிட்ட இந்த ஆய்வைப் படிக்கும்போது, மண்ணின் மீது எனக்கு மரியாதை கூடுகிறது. நாம் விதைத்ததை மண் அப்படியே வைத்திருப்பதில்லை. அதைத் தன்னுடையதாக்கிப் பகிர்ந்து தருகிறது.

நஞ்சையும் அது அப்படித்தான் எதிர்கொள்கிறது. பிலிப்பைன்ஸில் டயசினான் பூச்சிக்கொல்லியைத் திரும்பத் திரும்ப இட்ட நெல் வயலில், அந்த நஞ்சைச் சிதைக்கும் பாக்டீரியா ஒன்றை 1973-ல் சேதுநாதனும் யோஷிடாவும் கண்டெடுத்தார்கள். பிற்பாடு அமெரிக்காவில் வேறோர் இன பாக்டீரியாவிடமும் நஞ்சைச் சிதைக்கும் அதே மரபணு இருப்பது தெரியவந்தது. இரண்டும் வெவ்வேறு பிளாஸ்மிட்களில் இருந்தன. மரபணுவின் எழுத்துகள் மட்டும் பிசகாமல் ஒத்திருந்தன. அத்தகைய நஞ்சுகள் புழக்கத்துக்கு வந்து சில பத்தாண்டுகள்தான் ஆகியிருந்தன. அதற்குள் ஒரே தீர்வு கடல் கடந்த இரு மண்ணிலும் குடியேறிவிட்டது.

இனி மருந்துக்கு வருவோம். ஸ்ட்ரெப்டோமைசினைச் சுரக்கும் பாக்டீரியா அதனாலேயே சாகாமல் இருக்கிறது என்றால், அதனிடம் முறிமருந்தும் இருந்தாக வேண்டும். இருக்கிறது. அந்த மருந்தைச் செயலிழக்கச் செய்யும் நொதிக்கான மரபணுவை அது கூடவே வைத்திருக்கிறது. கனடாவில் மண்ணிலிருந்து அதே பேரினமான ஸ்ட்ரெப்டோமைசிஸின் 480 வகைகளை எடுத்து, 21 மருந்துகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. சராசரியாக ஒவ்வொரு வகையும் ஏழெட்டு மருந்துகளைத் தாங்கியது. அதே குழுவினர் யூகான் பகுதியின் உறைமண்ணிலிருந்து எடுத்த 30,000 ஆண்டுப் பழமையான டிஎன்ஏவிலும் இத்தகைய மரபணுக்களைக் கண்டார்கள். மனிதன் மருந்து செய்யக் கற்கும் முன்பே மண்ணுக்கு மாற்று தெரிந்திருந்தது.

அப்படியானால் நம்மீது என்ன குற்றம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மரபணு பழையது. ஆனால் அது மண்ணில் எவ்வளவு மலிந்திருக்கிறது, எந்தக் கிருமியிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் நம் காலத்து விவகாரம். எதிர்ப்பு மரபணுவைச் சுமப்பது பாக்டீரியாவுக்குப் பெரும்பாலும் செலவுதான். மருந்து இல்லாத மண்ணில் அது சிறுபான்மையாக ஒதுங்கியிருக்கும். மருந்து வந்து விழும்போது, சுமந்தவைதான் பிழைக்கும். கொல்லும் அளவுக்கு மருந்து வேண்டும் என்பதுகூட இல்லை. அதில் பல நூறில் ஒரு பங்கு இருந்தாலே எதிர்ப்புள்ள பாக்டீரியா முந்திவிடும் என்று 2011-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வாய்க்காலில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் மிச்சம்கூட வேலை செய்கிறது என்பது இதன் பொருள். நெதர்லாந்தில் 1940 முதல் 2008 வரை சேகரித்து வைத்திருந்த வயல் மண் மாதிரிகளை 2010-ல் ஆராய்ந்தபோது, எதிர்ப்பு மரபணுக்கள் காலம் செல்லச் செல்லப் பெருகியிருந்தன.

அங்கிருந்து மருத்துவமனைக்கு வழி இருக்கிறதா? இருக்கிறது. மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் மருந்துகளைச் சிதைக்கும் சிடிஎக்ஸ்-எம் என்ற நொதி இன்று உலகம் முழுவதும் சிறுநீர்த் தொற்றிலும் ரத்தத் தொற்றிலும் மருத்துவர்களைத் திணறடிக்கிறது. அதற்கான மரபணு, சுற்றுச்சூழலில் வாழும், பெரிதாக நோய் உண்டாக்காத குளுய்வேரா என்ற பாக்டீரியாவின் குரோமோசோமிலிருந்து கிளம்பியது. ஸ்ட்ரெப்டோமைசின் கதையும் அதுதான். அந்த மருந்தை முறிக்கும், இணையாகவே பயணிக்கும் இரண்டு மரபணுக்கள் ஆப்பிள் தோட்டத்து நோய்க் கிருமியிடமும் இருக்கின்றன, மனிதர்களையும் கால்நடைகளையும் தாக்கும் கிருமிகளிடமும் இருக்கின்றன. காசநோய்க் கிருமி இப்படிப் பிறரிடம் மரபணு வாங்குவதில்லை, அது தன் பிறழ்வுகளாலேயே மருந்தைத் தாண்டுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மிகைப்படுத்தினால் மக்கள் நம்ப மாட்டார்கள். மிகைப்படுத்தவும் தேவையில்லை: பாக்டீரியாக்களின் மருந்து எதிர்ப்பால் 2019-ல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாக லான்செட் இதழில் வெளியான மதிப்பீடு சொல்கிறது.

இத்தகைய பிரச்சினையில் குற்றவாளி யார் என்று தேடுவது நமக்குப் பழகிப்போன வழி. மருத்துவர் விவசாயியைக் காட்டுகிறார். விவசாயி கோழிப்பண்ணையைக் காட்டுகிறார். பண்ணைக்காரர் மருந்து ஆலையைக் காட்டுகிறார். ஆலை, சீட்டில்லாமல் மாத்திரை வாங்கும் நம்மைக் காட்டுகிறது. ஒவ்வொருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒருவர் மட்டும் திருந்தினால் போதாது என்பதை டென்மார்க்கின் அனுபவம் துல்லியமாகக் காட்டியிருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

கோழியும் பன்றியும் வேகமாக எடை கூடுவதற்காக அவோபார்சின் என்ற மருந்தைத் தீவனத்தில் கலந்துவந்தார்கள். மனிதர்களுக்குக் கடைசிக் கட்ட மருந்தான வான்கோமைசினுக்கு அது நெருங்கிய உறவு. 1995-ல் டென்மார்க் அதைத் தடை செய்தது. அந்த ஆண்டு இறைச்சிக் கோழிகளிடம் எடுத்த என்டெரோகாக்கஸ் பாக்டீரியாக்களில் 72.7 சதவீதம் அந்த மருந்துக்கு எதிர்ப்புப் பெற்றிருந்தன. 2000-ல் அது 5.8 சதவீதமாகக் குறைந்தது. பன்றிகளிடம் மட்டும் குறையவே இல்லை. காரணம் என்ன என்று தேடியபோது, பன்றித் தீவனத்தில் டைலோசின் என்ற இன்னொரு மருந்து தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. இரண்டு மருந்துகளுக்குமான எதிர்ப்பு மரபணுக்கள் ஒரே பிளாஸ்மிட்டில் இருந்தன. டைலோசினைத் தாங்குவதற்காக அந்தப் பிளாஸ்மிட்டை வைத்திருந்த பாக்டீரியா, அவோபார்சின் எதிர்ப்பையும் சேர்த்தே காத்துவந்தது. டைலோசினும் நின்ற பிறகுதான் பன்றிகளிலும் எதிர்ப்பு சரிந்தது. எடை கூட்டுவதற்காக மருந்து கலப்பதை 1998, 1999-ல் அங்கே பெருமளவில் நிறுத்தியது சட்டம் அல்ல. வளர்ப்போரே கூடிப் பேசி எடுத்த முடிவு அது.

மரபணுக்கள் கூட்டாகப் பயணிக்கும்போது, பொறுப்பைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்து ஒவ்வொருவராக வரட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. இந்தக் கூட்டில் மருந்து அல்லாதவையும் சேர்கின்றன. டென்மார்க்கில் வயல் மண்ணில் தாமிரம் சேர்த்த இடங்களில், தாமிரத்தைத் தாங்கும் பாக்டீரியாக்களோடு ஆன்டிபயாட்டிக்கைத் தாங்குபவையும் கூடியதை 2005-ல் பதிவு செய்தார்கள். நாம் நெல்லுக்கு இரண்டையும் ஒரே தெளிப்பானில் கலந்து தெளித்தோம் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற கழிவு லட்சம் டன்னுக்கு மேல் கிடக்கிறது. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் தொழில் விட்ட குரோமியமும் இருக்கிறது. குரோமேட்டை உடலுக்குள் வரவிடாமல் வெளியே இறைக்கும் மரபணுவைப் பல பாக்டீரியாக்கள் பிளாஸ்மிட்டில்தான் வைத்திருக்கின்றன. அத்தகைய மண்ணைச் சுத்தம் செய்வதைக் குடிநீர்ப் பிரச்சினையாக மட்டும் கருதுவது போதாது.

மிகப் பெரிய அழுத்தம் ஆலைகளிலிருந்து வருகிறது. ஹைதராபாத்துக்கு அருகே பட்டாஞ்சேருவில், சுமார் 90 மருந்து நிறுவனங்களின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடனின் ஜோக்கிம் லார்சன் குழு ஆராய்ந்து 2007-ல் முடிவுகளை வெளியிட்டது. லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் அதில் இருந்தது. அந்த மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. சிப்ரோஃபிளாக்சசின் டிஎன்ஏவை உடைக்கும் மருந்து. ஆகவே எஸ்ஓஎஸ் ஏற்பாட்டை அது தட்டி எழுப்புகிறது. பிறழ்வுகள் கூடுவதோடு, மரபணுக்கள் கைமாறும் வேகமும் கூடுகிறது. இவ்வளவு தெரிந்த பிறகு, ஆலைக் கழிவில் ஆன்டிபயாட்டிக் எவ்வளவு இருக்கலாம் என்று உச்சவரம்பு வகுக்கும் வரைவை ஒன்றிய அரசு 2020 ஜனவரியில் வெளியிட்டது. 2021-ல் இறுதி அறிவிக்கை வந்தபோது அந்த வரம்புகள் அதில் இல்லை. அவை திரும்ப வர வேண்டும். உலகத்துக்கே மருந்து தருகிறோம் என்று பெருமைப்படும் நாட்டுக்கு இது பெரிய சுமை ஆகாது.

ஆலைக்கு வரம்பு கேட்கும் நமக்கும் வரம்பு உண்டு. மூன்றாம், நான்காம் தலைமுறை ஆன்டிபயாட்டிக்குகளை எச்1 அட்டவணையில் சேர்த்த விதி 2014 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்தது. நோயாளி பெயர், மருத்துவர் பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றை மருந்துக்கடையில் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பல கடைகளில் அது ஒழுங்காக நடக்காததற்குக் கடைக்காரர் மட்டுமா காரணம்? “ரெண்டு நாளைக்கு மட்டும் குடுங்கண்ணே” என்று கேட்கும் நாமும் காரணம். மிச்சமான மாத்திரைகளைக் குப்பையில் போடுகிறோம் அல்லது கழிப்பறையில் கொட்டுகிறோம். கேரளம் கோழிக்கோட்டில், வீடுகளில் மிஞ்சிய மருந்துகளைச் சேகரித்து முறையாக அழிக்கும் என்ப்ரவுட் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. கடைதோறும் ஒரு பெட்டி வைப்பது தமிழகத்துக்கு முடியாத காரியம் அல்ல.

கோழி வளர்ப்பில் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் பயன்பாட்டை இந்தியா 2019 ஜூலையில் தடை செய்தது. அது சரியான முடிவு. ஆனால் நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து லாரி லாரியாகக் கிளம்பும் கோழி எரு, தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் போய்க்கொண்டேதான் இருக்கும். போகத்தான் வேண்டும். அது நல்ல உரம். கோழிக்குக் கொடுக்கும் மருந்துகளில் பலவும் பெரும் பகுதி சிதையாமல் எச்சத்தில் வெளியேறுகின்றன என்பதால், அந்த எருவைப் பச்சையாக இடுவதில்தான் சிக்கல். குவித்து, ஈரம் காத்து, புரட்டிப்போட்டு, சூடேறி மக்கவிட்டால் மருந்து மிச்சமும் எதிர்ப்புள்ள பாக்டீரியாக்களும் பெருமளவு குறைகின்றன. முழுக்கப் போய்விடுவதில்லை. மக்கவைக்க இடமும் ஆளும் வேண்டும், அதற்குச் செலவாகும். அந்தச் செலவை எரு வாங்கும் சிறு விவசாயியின் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. பண்ணையும் முட்டை வியாபாரமும் முட்டை சாப்பிடும் நாமும் பகிர்ந்துகொள்ள வேண்டிய செலவு அது.

நெல் விவசாயிக்கும் மாற்று இருக்கிறது. ஹைதராபாத் ஆய்வு நிறுவனங்கள் உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி, இலைக்கருகலைத் தாங்கும் மூன்று மரபணுக்களைக் கொண்டது. தழைச்சத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்து இடுவது, நோய் கண்ட வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சாமல் தடுப்பது ஆகியவையும் பலன் தரும். தண்ணீரை மறிப்பது ஒரு விவசாயியால் மட்டும் ஆகிற வேலையா? மடையில் இருக்கும் அத்தனை பேரும் ஒத்துக்கொண்டால்தான் அது நடக்கும்.

இப்படி ஒத்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல. 2012 ஆகஸ்டில் இந்தியாவின் மருத்துவச் சங்கங்கள் பலவும் சென்னையில் கூடி, மருந்து எதிர்ப்பைச் சமாளிக்க நடைமுறைக்கு ஏற்ற வழிவரைபடம் ஒன்றை ஒப்புக்கொண்டன. மருத்துவர் அப்துல் கபூர் ஒருங்கிணைத்த அந்த முயற்சி சென்னைப் பிரகடனம் என்று உலக அளவில் பேசப்பட்டது. மருத்துவரே இல்லாத ஊர்களில் சீட்டில்லாத விற்பனையை ஒரே நாளில் முழுதாக நிறுத்த முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, படிப்படியாகப் போவோம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். உடனடியாக எல்லாம் வேண்டும் என்று கேட்டிருந்தால் எதுவுமே கிடைத்திருக்காது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் மருத்துவர்கள். அடுத்த கூட்டத்தில் விவசாயியும் கால்நடை மருத்துவரும் உரக்கடைக்காரரும் ஆலைப் பொறியாளரும் இருந்தாக வேண்டும்.

அதற்குக் கணக்கு வேண்டும். 2015-ல் தொடங்கிய மண்வள அட்டையில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து தொடங்கி துத்தநாகம், தாமிரம், கார அமில நிலைவரை 12 அளவுகள் இருக்கின்றன. உயிரைப் பற்றி அதில் எதுவும் இல்லை. ஒவ்வொரு விவசாயியின் மண்ணிலும் எதிர்ப்பு மரபணுவை அளப்பது இன்றைக்குக் கட்டுப்படியாகாது. ஒரு வட்டாரத்துக்குச் சில நிலையான இடங்களைத் தேர்ந்து, ஆண்டுதோறும் அதே இடத்தில் மண் எடுத்து, சில முக்கிய மரபணுக்களை மட்டும் பார்ப்பது கட்டுப்படியாகும். வேளாண் பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரிகளின் நுண்ணுயிரியல் துறைகளும் சேர்ந்தால் செய்யலாம். நெதர்லாந்துக்காரர்கள் மண்ணைப் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால்தான் அவர்களால் எழுபது ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்க முடிந்தது. நாமும் இந்த ஆண்டு மண்ணைக் காயவைத்து எடுத்துவைக்கத் தொடங்கலாம்.

நவம்பர் 1 தமிழகத்தில் உள்ளாட்சிகள் தினம், அன்று கிராம சபை கூடும். அதே மாதம் 18 முதல் 24 வரை மருந்து எதிர்ப்புக்கான உலக விழிப்புணர்வு வாரம். இந்த முறை கிராம சபையின் பொருள்நிரலில் மூன்று கேள்விகளைச் சேர்க்கும்படி வாசகர்கள் தங்கள் ஊராட்சி நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். நம் ஊருக்குள் வரும் கோழி எரு மக்கியதா, பச்சையா? உரக்கடையிலும் மருந்துக்கடையிலும் ஆன்டிபயாட்டிக் எந்தப் பதிவின் பேரில் விற்கிறது? மருத்துவமனை, ஆலை, இறால் பண்ணை என எதன் கழிவுநீராவது நம் வாய்க்காலில் கலக்கிறது என்றால், அதைக் கடைசியாக யார், எப்போது சோதித்தார்கள்? பதில் சொல்ல வேண்டிய வேளாண் உதவி இயக்குநருக்கும் கால்நடை மருத்துவருக்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் அழைப்பு முன்கூட்டியே போக வேண்டும். வந்த பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, நகலை மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் அனுப்ப வேண்டும்.